சேலத்து வீட்டுத் தோட்டத்தில் அரளி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பனமரத்துப்பட்டி பக்கம் அரளி வயல் பயிர். அங்கே அதை வளர்க்க யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்தக் கேள்வி-பதில் வீட்டு வாசலிலும் காம்பவுண்டு ஓரத்திலும் மொட்டை மாடியிலும் ஒன்றிரண்டு செடி வைத்திருப்பவர்களுக்கானது. வயலில் எழாத சந்தேகங்கள் வீட்டில் எழும்: குழந்தை இருக்கிறது, இடம் குறைவு, கட்டட மண், போர் தண்ணீர்.

சேலம் வெயிலுக்கு அரளி நிஜமாகவே தாங்குமா?

தாங்கும். பங்குனி, சித்திரையில் வெயில் நாற்பது டிகிரியைத் தொடும்போதும் இலை வாடாமல் நிற்கும் பூச்செடிகள் இங்கே அதிகம் இல்லை. அரளி இலை தோல் போலத் தடிப்பானது, மேலே மெழுகுப் பூச்சு உண்டு. இலை மூச்சுவிடும் துளைகள் அடிப்பக்கத்தில் சின்னச் சின்னக் குழிகளுக்குள் இருக்கின்றன. அந்தக் குழிகளை நுண்ணிய ரோமம் மூடியிருக்கிறது. அனல் காற்று அடித்தாலும் உள்ளே இருக்கும் ஈரம் சட்டென்று வெளியேறாது. நான்குவழிச் சாலைகளின் நடுத்திட்டில் தூசியும் புகையும் தார்ச்சூடும் வாங்கிக்கொண்டு பூத்து நிற்பது இதனால்தான்.

ஒன்றை மட்டும் முதலிலேயே புரிந்துகொள்ளுங்கள். வறட்சி தாங்கும் என்றால் சாகாது என்றுதான் பொருள். தண்ணீரே இல்லாமலும் பூத்துக் குலுங்கும் என்று பொருள் இல்லை. தண்ணீர் இல்லாத கோடையில் செடி உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும், பூ குறைந்துவிடும்.

எந்த வகை வைக்கலாம்?

வீட்டுக்கு ஒற்றை அடுக்குச் செவ்வரளிதான் எங்கள் முதல் தேர்வு. ஐந்து இதழ், நிறைய மொட்டு, வாடியதும் தானாக உதிர்ந்துவிடும். அடுக்கு அரளி பார்க்க அழகு, இளஞ்சிவப்பில் ரோஜா மாதிரி இருக்கும். ஆனால் வாடிய பூ உதிராமல் பழுப்பாகக் கொத்திலேயே தொங்கும். ஐப்பசி மழையில் அடுக்கு இதழ்களுக்குள் தண்ணீர் தங்கி மொட்டு அழுகுவதும் உண்டு. வெள்ளை அரளி சிவன் பூஜைக்கு வேண்டும் என்பவர்கள் வைக்கலாம். வளர்ப்பு முறையில் வித்தியாசம் இல்லை.

இடம் குறைவு என்றால் நர்சரியில் குட்டை ரகம் கேளுங்கள். மூன்று, நான்கு அடியில் நின்றுவிடும். சாதாரண அரளியை வெட்டாமல் விட்டால் பத்துப் பன்னிரண்டு அடி போகும்.

மஞ்சள் அரளியும் இதே செடியா?

இல்லை. ஊரில் பரவலாக நிற்கும் மஞ்சள் அரளி, புனல் மாதிரிப் பூவும் பச்சை நிறச் சதைக்காயும் உள்ளது, அரளியின் குடும்பமே தவிர வேறு செடி. அதுவும் கொடிய விஷம், அதன் விதை மிகவும் ஆபத்தானது. குழந்தைகள் விளையாடப் பொறுக்கும் அளவுக்குக் கொட்டையும் பெரிது. வீட்டுக்குள் அது வேண்டவே வேண்டாம்.

அரளி விஷம் என்கிறார்கள். வீட்டில் வைப்பது சரியா?

விஷம்தான், அதில் இரண்டு கருத்து இல்லை. இலை, பூ, தண்டு, வேர், விதை, சாறு எல்லாவற்றிலும் இதயத் துடிப்பைக் குலைக்கும் நச்சு இருக்கிறது. காய்ந்த பிறகும் அது போய்விடாது. சுற்றுச்சுவருக்கு வெளியே, குழந்தை எட்டாத இடத்தில், வேலை தெரிந்தவர் கையில் இருக்கும்வரை பிரச்சினை இல்லை. தமிழ்நாட்டில் கோயில் மாலையில் தினமும் புழங்கும் பூ இது.

வைக்கக் கூடாத வீடுகள் உண்டு. எதையும் வாயில் வைக்கும் வயதில் பிள்ளை இருக்கும் வீடு. இலை கடிக்கும் நாய்க்குட்டி இருக்கும் வீடு. ஆடு மாடு கட்டும் வாசல். பச்சை அரளியை ஆடு பொதுவாக முகர்ந்துவிட்டுப் போய்விடும். வெட்டிப் போட்டுக் காய்ந்த இலை, புல்லோடும் தட்டையோடும் கலந்துவிட்டால் தெரியாமல் தின்றுவிடும். அங்கேதான் விபத்து. இந்த வீடுகளுக்கு இட்லிப்பூ, செம்பருத்தி, காகிதப்பூ போதும். காகிதப்பூ வறட்சிக்கு அரளிக்குச் சளைத்ததில்லை. அடீனியம் மட்டும் மாற்று ஆகாது, அதுவும் இதே குடும்பத்து விஷச்செடி.

கிணற்று மேட்டிலும் திறந்த தண்ணீர்த் தொட்டி, மீன் தொட்டி ஓரத்திலும் நடவே கூடாது. இலையும் பூவும் தண்ணீரில் விழுந்து ஊறும்.

பூஜை விஷயத்திலும் ஒரு வார்த்தை. மாலையாகச் சாத்துங்கள், அர்ச்சனைக்குப் போடுங்கள். தீர்த்தத்திலும் பிரசாதத்திலும் இந்தப் பூ விழ வேண்டாம். 2024 மே மாதம் கேரளத்தில் திருவிதாங்கூர், மலபார் தேவசம் போர்டுகள் நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப்பூவைத் தவிர்க்கச் சொல்லிவிட்டன. அதைத் தேவையற்ற பயம் என்று நாங்கள் நினைக்கவில்லை.

தெரியாமல் யாராவது மென்றுவிட்டால்?

வாயில் இருப்பதைத் துப்பச் சொல்லி வாயைக் கழுவுங்கள். உடனே 108-ஐ அழையுங்கள், அல்லது அவசர சிகிச்சைப் பிரிவு இருக்கும் மருத்துவமனைக்கு நேராகப் போங்கள். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பது, மோர், எலுமிச்சை என்று கைவைத்தியம் பார்ப்பது எதுவும் வேண்டாம். வாந்தி, வயிற்றுவலி, தலைச்சுற்றல் தெரியட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். நாடித்துடிப்பு தாறுமாறாவது பிறகும் வரலாம். தின்ற செடியின் ஒரு கிளையைப் பையில் போட்டு எடுத்துப் போனால் மருத்துவருக்கு அடையாளம் தெரியும்.

போத்து (வெட்டிய கிளைத்துண்டு) வைப்பதா, நாற்று வாங்குவதா?

பக்கத்து வீட்டில் நல்ல செடி இருந்தால் வாங்க வேண்டியதே இல்லை. விதையில் வரும் செடி தாய் மாதிரியே பூக்கும் என்று சொல்ல முடியாது, அதனால் அதை விட்டுவிடுங்கள்.

பென்சில் தடிமனில் பாதி முற்றிய கிளை எடுங்கள். பச்சை மாறிச் சாம்பல் நிறம் ஏறத் தொடங்கிய பகுதி சரியாக இருக்கும். முழுக்கப் பச்சையான நுனி அழுகும், கட்டைவிரல் தடிமனில் முற்றியது வேர்விடத் தாமதிக்கும். 15 முதல் 20 சென்டிமீட்டர் நீளம், மூன்று நான்கு கணு. அடிக்கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாக வெட்டுங்கள். மேலே இரண்டு மூன்று இலை விட்டு மற்றதைக் கிள்ளி, விட்ட இலைகளையும் பாதியாக நறுக்குங்கள். பூங்கொத்து இருந்தால் கிள்ளிவிடுங்கள், இல்லாவிட்டால் வேர்விட வேண்டிய சத்து பூவுக்குப் போகும்.

மணலும் மக்கிய எருவும் சம பங்கு கலந்த பையில், இரண்டு கணு மண்ணுக்குள் இருக்கும்படி ஊன்றி, நிழலில் வையுங்கள். மண் ஈரமாக இருந்தால் போதும், சேறாகக் கூடாது. நான்கு முதல் ஆறு வாரத்தில் வேர் பிடிக்கும். புதுத்துளிர் வந்ததுமே வெயிலுக்குத் தூக்க வேண்டாம். கிளைக்குள் இருக்கும் சேமிப்பிலேயே துளிர் விடும், வேர் வந்திருக்காது. லேசாக இழுத்துப் பாருங்கள், பிடித்து நின்றால் வேர் வந்துவிட்டது.

பாட்டில் தண்ணீரில் போட்டாலும் வேர்விடும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றுங்கள். அந்தத் தண்ணீரும் விஷம், எனவே சமையலறை ஜன்னலில் அந்தப் பாட்டிலை வைக்காதீர்கள்.

நர்சரியில் வாங்கினால் பூ நிறைந்த உயரமான ஒற்றைக் குச்சியை விட, அடியிலிருந்தே மூன்று நான்கு கிளை பிரிந்த குட்டைச் செடியை எடுங்கள்.

எப்போது, எப்படி நடுவது?

ஆடி, ஆவணி நல்ல காலம். அப்போது நட்டால் ஐப்பசி அடைமழைக்குள் வேர் ஓடிவிடும். வேறு மாதத்திலும் நடலாம், சித்திரை, வைகாசியை மட்டும் தவிருங்கள். வளர்ந்த செடி தாங்கும் வெயிலை வேர் பிடிக்காத நாற்று தாங்காது.

இடம்: நாளுக்கு ஆறு மணி நேரம் நேர் வெயில். மாமரத்தடி, வேப்பமரத்தடி வேண்டாம். நிழலில் அரளி நெட்டையாக வளரும், இலை மட்டும் இருக்கும். சுவரிலிருந்து நான்கு அடி, செடிக்குச் செடி ஆறு அடி. வேலியாக வேண்டுமென்றால் மூன்றரை அடி போதும்.

குழி ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி, ஆழமும் அதே. வெட்டிய மேல்மண்ணோடு நன்றாக மக்கிய மாட்டெரு 8 முதல் 10 கிலோ, வேப்பம் புண்ணாக்கு 200 கிராம் கலந்து நிரப்புங்கள். பச்சைச் சாணம் போட்டால் சூடு கிளம்பி வேர் கருகும், கறையானும் வரும்.

இங்கே பலர் தவறும் இடம் ஒன்று உண்டு. சேலத்தில் இரண்டடி தோண்டினால் சரளையோ சுக்கான் கல்லோ தட்டுப்படுவது சகஜம். அதில் குழி வெட்டி நல்ல மண் நிரப்பினால், குழி அடியில் ஓட்டையில்லாத தொட்டி போல ஆகிவிடும். மழைத் தண்ணீர் உள்ளே போகும், வெளியே போக வழியில்லை. அரளி வறட்சியில் சாவது அபூர்வம், இப்படி வேர் அழுகிச் சாவதுதான் அதிகம். நடுவதற்கு முன் வெறும் குழியில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். மறுநாள் காலையிலும் தண்ணீர் நின்றால் அந்தக் குழி உதவாது. கடப்பாரையால் அடியை உடைத்துவிடுங்கள். உடையாவிட்டால் குழியை மூடி, அதன்மேல் ஒரு அடி உயரத்துக்கு, மூன்றடி அகலத்தில் மண்மேடு கட்டி மேட்டில் நடுங்கள்.

வீடு கட்டிய மண், சிமெண்ட் கலந்த மண். வருமா?

வரும். கட்டிட இடிபாடு, ஓடு, கம்பித் துண்டுகளைப் பொறுக்கிவிடுங்கள். சுண்ணாம்புத்தன்மை அரளிக்குப் பெரிய தடை இல்லை.

வெள்ளைக்கல் கரடு பக்கம் எங்கள் வீடு. இலை மஞ்சளாகிறது, நரம்பு மட்டும் பச்சை.

அது இரும்புச்சத்துப் பற்றாக்குறை. மேக்னசைட் வெட்டும் அந்தக் கரடுகளை ஒட்டிய மண்ணில் மெக்னீசியம் மிகுதி, காரத்தன்மையும் அதிகம். மண்ணில் இரும்பு இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. பற்றாக்குறை முதலில் தெரிவது இளம் இலையில். அடி இலை மட்டும் மஞ்சளாகி உதிர்ந்தால் வேறு காரணம்: வயது முதிர்ந்த இலை, அல்லது தண்ணீர் கூடிப்போனது.

ஒரு லிட்டர் தண்ணீரில் அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்) 5 கிராம், சிட்ரிக் அமிலம் 1 கிராம் கரைத்து, மாலையில் இலையின் இரண்டு பக்கமும் நனையத் தெளியுங்கள். பதினைந்து நாள் இடைவெளியில் மூன்று முறை. கரைத்த உடனே தெளிக்க வேண்டும். நீர் துரு நிறமாக மாறிவிட்டால் அதில் பயனில்லை, கொட்டிவிட்டுப் புதிதாகக் கரையுங்கள். சுவரிலும் டைல்ஸிலும் பட்டால் கறை போகாது. மண்ணில் ஆண்டுக்கு இரண்டு முறை மக்கிய எரு போட்டுவந்தால் தெளிக்கும் தேவை தானாகக் குறையும்.

தண்ணீர் எவ்வளவு?

நட்ட முதல் மாதம் மூன்று நாளுக்கு ஒருமுறை, 5 லிட்டர். முதல் வருடம் மழை இல்லாத வாரங்களில் வாரம் ஒருமுறை ஒரு குடம். இரண்டாம் வருடத்திலிருந்து கோடையில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை இரண்டு குடம் போதும், மற்ற காலத்தில் செடியே பார்த்துக்கொள்ளும். பூ நிறைய வேண்டுமானால் கோடையில் வாரம் ஒருமுறை ஊற்றுங்கள்.

தினமும் ஒரு சொம்பு ஊற்றுவது கெட்ட பழக்கம். மேல் இரண்டு அங்குலம் மட்டும் நனையும், வேரும் அங்கேயே சுற்றும், நீங்கள் ஒரு வாரம் ஊருக்குப் போனால் செடி வாடும். அபூர்வமாக, ஆனால் ஆழமாக ஊற்றுங்கள். தூரை விட்டு ஒரு அடி தள்ளி வட்டப்பாத்தி கட்டி அதில் ஊற்றி, தென்னை மட்டையோ காய்ந்த சருகோ மூடாக்காகப் போடுங்கள்.

போர் தண்ணீர் ஓரளவு உப்பாக இருந்தாலும் அரளி பொறுத்துக்கொள்ளும். துணி துவைத்த சோப்புத் தண்ணீரை மட்டும் தினமும் ஒரே செடிக்கு விடாதீர்கள்.

உரம்?

ஆடியிலும் தையிலும் செடிக்கு 5 கிலோ மக்கிய எரு, 250 கிராம் வேப்பம் புண்ணாக்கு. அவ்வளவுதான். யூரியா வேண்டாம்.

செடி செழிப்பாக இருக்கிறது, பூவே இல்லை. ஏன்?

செழிப்பாக இருப்பதே காரணமாக இருக்கலாம். தழைச்சத்து கூடினால் இலையும் கிளையும் ஓடும், மொட்டு வராது. முதலில் வெயில் எத்தனை மணி நேரம் விழுகிறது என்று பாருங்கள். அடுத்து உரம், அதற்கடுத்துக் கவாத்து, அதாவது கிளைகளை வெட்டிவிடுவது. அரளி புதுக்கிளையின் நுனியில்தான் பூக்கும். பல வருடம் வெட்டாத செடியில் புதுக்கிளை குறைவு, அதனால் பூவும் குறைவு.

கவாத்து எப்போது, எப்படி?

மழை ஓய்ந்த மார்கழிக் கடைசி அல்லது தை. நட்ட இரண்டாம் ஆண்டிலிருந்து, தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்தில் எல்லாக் கிளைகளையும் வெட்டுங்கள். காய்ந்தது, குறுக்கே உரசுவது, உள்நோக்கி வளர்வது ஆகியவற்றை அடியோடு எடுங்கள். அரளியில் ஒரு கணுவுக்கு மூன்று இலை, வெட்டிய இடத்துக்குக் கீழே பெரும்பாலும் இரண்டு மூன்று துளிர் கிளம்பும். ஒரு நுனி இருந்த இடத்தில் மூன்று நுனி, அத்தனையிலும் பூங்கொத்து. வெட்டியதற்குப் பிறகு பூக்க ஏறக்குறைய இரண்டு மூன்று மாதம் எடுக்கும் என்பதால் பங்குனி, சித்திரையில் செடி நிறைந்து நிற்கும்.

ஆடியில் கோட்டை மாரியம்மன் திருவிழாச் சமயத்தில் வீட்டுப் பூவே வேண்டும் என்பவர்கள், சித்திரைக் கடைசியில் பூத்து முடிந்த நுனிகளை அரை அடி அளவுக்குக் கிள்ளிவிட்டு, தண்ணீரைக் குறைக்காமல் கொடுங்கள். அந்த வாரங்களில் வ.உ.சி. பூ மார்க்கெட்டில் அரளி விற்கும் விலையைப் பார்த்தால் இந்தச் சிரமம் பெரிதாகத் தெரியாது.

இரட்டை இரட்டையாகத் தொங்கும் நீளக் காய்களையும் அவ்வப்போது கிள்ளுங்கள். விதைக்குப் போகும் சத்து மொட்டுக்குத் திரும்பும்.

முழுக்கைச் சட்டை, கையுறை, முடிந்தால் கண்ணாடி. சாறு தோலில் பட்டால் சிலருக்கு எரியும், கண்ணில் பட்டால் நிறையத் தண்ணீரில் கழுவி மருத்துவரிடம் காட்ட வேண்டும். வேலை முடிந்ததும் கத்தரியையும் கையையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

வெட்டிய கிளைகளை என்ன செய்வது?

எரிக்காதீர்கள். புகையும் நஞ்சு. வெந்நீர் அடுப்புக்கோ போகிக்கோ விறகாக ஒரு குச்சிகூடப் போகக் கூடாது. காய்கறிப் பாத்திக்கு மூடாக்காகவும் வேண்டாம். ஆடு மாடு எட்டாத மூலையில் குழி வெட்டிப் புதையுங்கள், அல்லது கட்டாகக் கட்டி, அரளி என்று சொல்லிக் குப்பை வண்டியில் கொடுங்கள்.

துளிரில் மஞ்சள் மஞ்சளாகப் பேன் ஒட்டியிருக்கிறது.

அரளி அசுவினி. பளிச்சென்ற மஞ்சள் உடம்பு, கறுப்புக் கால். மென்மையான துளிரைத் தேடி வரும், உரம் கூடிய செடியில் மொய்க்கும். முதலில் குழாயில் தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள், பாதிக்கு மேல் போய்விடும். மீதிக்கு, ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், அது கலக்க 2 கிராம் காதி சோப்பு. மாலையில் தெளித்து, ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. பொறிவண்டு தெரிந்தால் தெளிக்கவே வேண்டாம், அவை தின்று தீர்த்துவிடும். மாவுப்பூச்சிக்கும் இதே கரைசல், ஆனால் முதலில் ஈரத்துணியால் துடைக்க வேண்டும்.

விரல் தடிமனில் பச்சைப்புழு, முன்பக்கம் நீலக் கண் மாதிரிப் புள்ளி. கடிக்குமா?

கடிக்காது. அரளிப் பருந்து அந்துப்பூச்சியின் புழு. இரண்டு மூன்று இருந்தாலே ஒரு கிளையை ஒரே இரவில் மொட்டையடித்துவிடும். கையுறையோடு பொறுக்கி எடுத்தால் போதும், மருந்து தேவையில்லை. முதுகில் நீளக் கறுப்பு இழைகள் உள்ள வரிப்புழு வேறு. அது கருப்பன் வண்ணத்துப்பூச்சியுடையது, இலைக்கு அடியில் வெள்ளி போல மின்னும் கூட்டுப்புழு தொங்குவதைப் பார்க்கலாம். அது தின்னும் நான்கு இலையால் ஒன்றும் குறைந்துவிடாது.

மொட்டை மாடியில் தொட்டியில் வைக்கலாமா?

வைக்கலாம். குட்டை ரகம், 16 முதல் 18 அங்குலத் தொட்டி. செம்மண் இரண்டு பங்கு, கழுவிய எம்-சாண்ட் ஒரு பங்கு, மக்கிய எரு ஒரு பங்கு. எம்-சாண்டைக் கழுவாமல் போட்டால் அதில் உள்ள தூள் இறுகித் தண்ணீர் இறங்காது. தொட்டியைக் கான்கிரீட்டில் நேராக வைக்காமல் மூன்று செங்கல் மேல் வையுங்கள், சித்திரைத் தளச்சூடு வேரை அவிக்கும். தரையில் உள்ள செடியின் வறட்சி தாங்கும் குணத்தைத் தொட்டியில் எதிர்பார்க்காதீர்கள், வேர் போக இடமில்லை. கோடையில் ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் வேண்டும். மூன்று வருடத்துக்கு ஒருமுறை எடுத்து, சுற்றிய வேரைக் கால்பங்கு வெட்டி மண் மாற்றுங்கள்.

ஏற்காட்டில் வருமா?

உயிரோடு இருக்கும், ஊர்ச்செடி மாதிரிப் பூக்காது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். மூடுபனி, குளிர்ந்த இரவு, கீழே உள்ளதைவிட அதிக மழை, தோட்டமெங்கும் சில்வர் ஓக் நிழல். அரளி கேட்பது இதற்கெல்லாம் நேர்மாறு. ஈரம் காயாத இலையில் கரும்புள்ளி வரும். வைத்தே ஆகவேண்டுமென்றால் மர நிழல் விழாத தெற்குச் சரிவில், மேட்டுப்பாத்தியில், ஒற்றை அடுக்கு ரகமாக வையுங்கள். கவாத்தை மாசிக் கடைசிக்குத் தள்ளுங்கள். தைக் குளிரில் வெட்டினால் துளிர் தயங்கும். வண்ணத்துக்காக மட்டும் என்றால் மலையில் காகிதப்பூ வைப்பது மேல்.

பூஜைக்குப் பூ எப்போது பறிப்பது?

நிறம் ஏறி, நாளை விரியும் நிலையில் உள்ள மொட்டாக, மாலையில். விரிந்த பூவைத் தொடுத்தால் இதழ் உதிரும். ஈரத்துணியில் சுற்றி வைத்தால் காலைவரை வாடாது. குளிர்சாதனப் பெட்டியில் சாப்பாட்டுப் பொருளோடு வைக்க வேண்டாம்.

பன்னிரண்டு வருடச் செடி. அடியெல்லாம் மொட்டை, உச்சியில் மட்டும் பூ. பிடுங்கிவிடலாமா?

வேண்டாம். தை மாதத்தில் மிகவும் முற்றிய கிளைகளில் மூன்றில் ஒரு பங்கைத் தரையிலிருந்து ஒரு அடியில் அறுத்துவிடுங்கள். அடுத்த தையில் இன்னொரு பங்கு, அதற்கடுத்த தையில் மீதி. வெட்டிய ஒவ்வொரு ஆண்டும் ஒரு கூடை மக்கிய எரு, கோடையில் வாரம் ஒரு தண்ணீர். அடிக்கட்டையிலிருந்து கூட்டமாகக் கிளம்பும் துளிரில் திடமான நான்கைந்தை மட்டும் விட்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள். பொறுமை இல்லாதவர்கள் ஒரேயடியாக வெட்டினாலும் செடி சாகாது, அந்த ஆண்டுப் பூ மட்டும் பெரும்பாலும் போய்விடும்.